பெரியப்பாவின் லேப்டாப்: ஃபைல் வந்தது, எழுத்து வரவில்லை

நேற்று ராத்திரி பெரியப்பா தைப்பூச நோட்டீஸைப் புது லேப்டாப்பில் திறந்து பார்த்தார். லேப்டாப் பழசுதான், உள்ளே இருப்பதுதான் புதுசு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையோடு மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தவர், "ம், ழ-வும் சரியா இருக்கு" என்றார். அவருடைய ஃபைலை எல்லாம் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றும் பதினொரு நாள் வேலை அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். ரங்கூனில் பழைய கம்ப்யூட்டரில் தமிழும் பர்மியமும் கலந்து வைத்திருக்கும் யாராவது இதே வேலையில் இறங்கினால் என் பதினொரு நாள் அவர்களுக்கு மூன்று நாளாகச் சுருங்கலாம்.

விஷயம் இதுதான். பெரியப்பாவிடம் இருப்பது நாலாவது தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் கொண்ட லேப்டாப். அதில் விண்டோஸ் 10 ஓடியது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறை, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் என்று கேட்கும் விண்டோஸ் 11 இந்த மெஷினைச் சீந்தாது. அனோரதா சாலையில் ஒரு கடையில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல் "மயாபூ, சயா" என்று கையை விரித்தார். ஆகாது, புதுசு வாங்குங்கள் என்று அர்த்தம். புதுசுக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டுப் பெரியப்பா வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போடலாம் என்று சொன்னது நான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "என் ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" ஆகாது என்று வாய் கூசாமல் சொன்னேன்.

ஒரு முடிவை மட்டும் முதலிலேயே சரியாக எடுத்தேன். பழைய டிஸ்க்கைக் கழற்றி அப்படியே வைத்துவிடுவது, மின்ட்டைப் புது எஸ்எஸ்டி டிஸ்க்கில் போடுவது, பழைய டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட எழுதாமல் அதிலிருந்து படித்துக்கொள்வது மட்டும். இந்த ஒன்றை மாற்றிச் செய்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

வாங்கிய சாமான்: 480 ஜிபி எஸ்எஸ்டி 1,40,000 கியாட். செகண்ட் ஹேண்ட் 4 ஜிபி ராம் 35,000. டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டும் கேபிள் 18,000. 32 ஜிபி பென் டிரைவ் 15,000. ஆக 2,08,000 கியாட். ஸ்க்ரூ டிரைவர் செட் என்னிடமே இருந்தது.

கழற்றும் முன் விண்டோஸிலேயே கணக்கு எடுத்தேன். கோயில் நோட்டீஸ், உறுப்பினர் பட்டியல், கடைக்கணக்கு, வைபரில் வந்த படங்கள், கல்யாண வீடியோ எல்லாம் சேர்த்து 214 ஜிபி, 52,640 ஃபைல். எண்ணிக்கையைக் காகிதத்தில் குறித்தது பின்னால் உதவியது. டெஸ்க்டாப்பில் நாற்பது ஐகான் இருந்தது. அதில் முக்கால்வாசி வெறும் ஷார்ட்கட், உண்மையான ஃபைல் டி டிரைவில். பெரியப்பா அதெல்லாம்தான் ஃபைல் என்று நினைத்துக்கொண்டிருந்தார். லினக்ஸில் அந்த ஷார்ட்கட் எதுவும் வேலை செய்யாது என்பதால் ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டேன்.

அவசரத்துக்குப் பென் டிரைவில் ஒரு காப்பி எடுக்கலாம் என்று பார்த்தபோது 7 ஜிபி கல்யாண வீடியோ மட்டும் ஏறவே இல்லை. பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருந்தது, அதில் ஒற்றை ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றிப் போட்டதும் ஏறியது. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அடிமூடியில் எட்டு ஸ்க்ரூ, டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகட்டில் நாலு. டீ சாஸர் இரண்டு எடுத்து மூடி ஸ்க்ரூவை ஒன்றிலும் தகட்டு ஸ்க்ரூவை இன்னொன்றிலும் போட்டேன். இரண்டும் ஒரே தலை, நீளம் மட்டும் வேறு. நீளமானதைத் தப்பான இடத்தில் முடுக்கினால் மதர்போர்டில் குத்தும். மாட்டிமுடிக்க இருபது நிமிஷம்.

மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பைப் போட்டேன். நிறுவியபோது இணையம் இல்லை. முதல் தடவை ஓடியதும் மாலை நாலு மணிக்குக் கடிகாரம் இரவு பத்தரை காட்டியது. ஐந்து நிமிஷம் பயந்தேன், பிறகு புரிந்தது. விண்டோஸ் மெஷினின் உள்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதிவைக்கும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு அதன்மேல் பர்மாவின் ஆறரை மணி நேரத்தைக் கூட்டும். இணையம் வந்ததும் தானே சரியாகிவிட்டது. அதற்கு முன் ஃபோல்டர் உருவாக்க ஆரம்பித்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் நான் உருவாக்கிய ஃபோல்டர் எல்லாம் இன்றைக்கும் நள்ளிரவில் செய்ததாகக் காட்டுகிறது.

பழைய டிஸ்க்கைக் கேபிளில் மாட்டினேன். படிக்க மட்டும் திறந்தது. விண்டோஸ் 10-இல் ஷட்டவுன் கொடுத்தாலும் வேகத் தொடக்கம் என்ற வசதி மெஷினை முழுதாக அணைப்பதில்லை, அரைத்தூக்கத்தில் விட்டுவிடும். லினக்ஸ் அந்த டிஸ்க்கைப் பார்த்ததும் எழுத மறுக்கும். பலர் இதைச் சரிசெய்ய மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எனக்கு அதுவே பூட்டு மாதிரி உதவியது, அப்படியே விட்டேன்.

ஃபைல் மேனேஜரில் இழுத்துப்போட்டு காப்பி கொடுத்தேன். வினாடிக்கு 28 எம்பி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றது. அந்த வாரம் எங்கள் பக்கம் மதியம் ஒன்று முதல் ஐந்து வரை மின்சாரம் என்பது அட்டவணை. நான் ஆரம்பித்தது இரண்டரைக்கு, அட்டவணைப்படி போதும். ஆனால் மின்சாரம் அட்டவணையைப் படித்துவிட்டு வருவதில்லை. மூன்று ஐம்பதுக்குப் போய்விட்டது. பெரியப்பா லேப்டாப்பின் பேட்டரி ஆறு நிமிஷம் தாங்கும். அந்த ஆறு நிமிஷத்தில் காப்பியை நிறுத்தலாமா, ஓடவிடலாமா என்று யோசித்து யோசித்து ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் விடிகாலை தெருவில் பிள்ளைகள் "மீ லாபி!" (கரண்ட் வந்தாச்சு) என்று கத்தியதும் எழுந்து மெஷினைப் போட்டேன். எந்த ஃபைல் முழுசாக வந்தது, எது பாதியில் அறுந்தது என்று தெரியவில்லை. இனி இழுத்துப்போடும் வேலை வேண்டாம் என்று டெர்மினலைத் திறந்து ஆர்சிங்க் என்ற காப்பிக் கட்டளையைப் போட்டேன். இரண்டு பக்கத்தையும் அளவும் தேதியும் வைத்து ஒப்பிட்டு, இல்லாததையும் மாறுபட்டதையும் மட்டும் கொண்டுவரும். நடுவில் அறுந்தால் திரும்ப அதே கட்டளை, விட்ட இடத்திலிருந்து போகும். மின்வெட்டு ஊருக்கு இது ஒன்றுதான் சரி. கூடவே இன்னொன்றையும் கவனித்தேன். நான் கேபிளைச் சொருகியிருந்தது கறுப்பு யுஎஸ்பி துளையில். பக்கத்திலேயே நீலத் துளை சும்மா இருந்தது. மாற்றிச் சொருகியதும் வினாடிக்கு 70 எம்பி. மொத்தமும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் வேலையாகிவிட்டது.

முடிந்தது என்று ஃபோல்டரைத் திறந்தால் அடுத்த இடி. பேரன் பேத்திகள் படங்களுக்கு வைத்திருந்த பர்மியப் பெயர்களில் பாதி சிதைந்து கிடந்தன. எழுத்து ஒரு பக்கம், குறி ஒரு பக்கம், நடுநடுவே புள்ளி வட்டம். "ஏன்டா தம்பி, படமெல்லாம் வந்துருச்சு, பேரு மட்டும் ஏன் சீக்கு வந்த மாதிரி இருக்கு?" என்றார் பெரியப்பா. மின்சாரம் போனதில் காப்பி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கொண்டுவந்தேன். அதே சீக்கு. மூன்றாவது தடவை தொடங்கப்போனபோதுதான் பழைய டிஸ்க்கிலேயே ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் அதே சிதைவு. அதாவது ஒரு பைட்கூடக் கெடவில்லை. இதை முதலிலேயே பார்த்திருந்தால் அரை நாள் மிச்சம்.

காரணம் பர்மாவில் இருப்பவர்களுக்குப் பழக்கமான ஸாஜி. எல்லா மொழி எழுத்துக்கும் பொது எண் தரும் யூனிகோடில் பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே இடத்தில் தன் இஷ்டப்படி எழுத்தை அடுக்கிவைக்கும் ஃபான்ட். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு முறையாக யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய ஃபைல் பெயர்கள் மாறவில்லை. பெரியப்பாவின் விண்டோஸில் ஸாஜி ஃபான்ட் இருந்ததால் நன்றாகத் தெரிந்தது, மின்ட்டில் இருப்பது யூனிகோட் ஃபான்ட். தமிழர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: நம் பழைய ஃபான்ட்களில் 'கெ' எழுத முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. பர்மியத்திலும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் ஒரு குறி உண்டு, ஸாஜியில் அது முன்னே, யூனிகோடில் பின்னே. இரண்டு மொழிக்கும் ஒரே வியாதி.

வியாதியைப் பிறகு பார்க்கலாம் என்று ஆர்சிங்க் சொல்லிய பிழைகளுக்கு வந்தேன். பதினொரு ஃபைல் வரவே இல்லை, "பெயர் மிக நீளம்" என்று காரணம் சொன்னது. எல்லாம் பெரியப்பா கைப்பட வைத்த பெயர்கள். ஒன்றை அப்படியே தருகிறேன்: "2018 தைப்பூசத் திருவிழா அன்னதானம் பொறுப்பேற்ற குடும்பங்கள் மற்றும் பால்குடம் எடுத்தவர்கள் பெயர் விவரம் திருத்தியது கடைசி". விண்டோஸ் 255 குறியீடு வரை விடும், இது அதில் பாதிகூட இல்லை. லினக்ஸ் டிஸ்க்கில் ஃபைலை அடுக்கிவைக்கும் எக்ஸ்ட்4 முறை குறியீட்டை எண்ணாது, பைட்டை எண்ணும், எல்லை அதே 255. தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட். 'பூ' என்பது ப ஒன்று, ஊகாரக் குறி ஒன்று, ஆக ஆறு பைட். மேலே உள்ள பெயரில் தமிழ்க் குறியீடு மட்டும் 104, அதுவே 312 பைட். ஆங்கிலத்தில் பெயர் வைப்பவனுக்கு இந்தச் சுவர் கண்ணிலேயே படாது. நமக்கு 85 குறியீட்டிலேயே முட்டும். வேறு வழியில்லாமல் பதினொன்றையும் கையால் சுருக்கிக் கொண்டுவந்தேன். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் வாதாடினார். 'திருத்தியது கடைசி' இரண்டையும் எடுக்கவே விடவில்லை. 'மற்றும்' போனது.

அதன் பிறகு எண்ணிக்கை: 52,640-க்கு 52,640. அத்தோடு விடாமல் ஆர்சிங்கை ஃபைலின் உள்ளடக்கத்தையே ஒப்பிடச் சொல்லி, எதையும் எழுதாமல் நடித்துக் காட்டு என்று ஓட்டினேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. பெயர் சுருக்கிய பதினொன்றை மட்டும் காட்டியது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நிம்மதி ஒரு நாள். பிரவுசரில் பாஸ்வேர்ட் எதுவும் இல்லை. குரோமின் ஃபோல்டரை விண்டோஸின் ஒளிந்திருக்கும் ஆப்டேட்டாவிலிருந்து முழுசாகத்தான் கொண்டுவந்திருந்தேன், புக்மார்க் எல்லாம் வந்தது. ஆனால் குரோம் பாஸ்வேர்டுகளை விண்டோஸ் பயனர் கணக்கோடு கட்டிப் பூட்டிவைக்கும். பூட்டு வந்தது, சாவி விண்டோஸிலேயே நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸாக இருந்தால் சாவியும் அதே ஃபோல்டரில் இருக்கும், காப்பி செய்தால் போதும். தண்டர்பேர்ட் மெயிலும் அப்படித்தான், அவருடைய ஃபோல்டரை ஒளிந்த இடத்தில் வைத்து, எது என்று தண்டர்பேர்டுக்குக் காட்டியதும் பழைய மெயில் எல்லாம் அப்படியே வந்தது. குரோமுக்காக மறுபடி எட்டு ஸ்க்ரூ, நாலு ஸ்க்ரூ, இரண்டு சாஸர். பழைய டிஸ்க்கை மாட்டி விண்டோஸைக் கிளப்பி, பாஸ்வேர்ட் பட்டியலை ஏற்றுமதி செய்து, திரும்பக் கழற்றினேன். அந்தப் பட்டியல் யார் திறந்தாலும் படிக்கக்கூடிய வெறும் எழுத்து. மின்ட்டில் ஏற்றியதும் அழித்தேன், பென் டிரைவையும் ஃபார்மட் செய்தேன். கழற்றும் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும்.

இனி பாமினி. பெரியப்பா ஃபைலுக்குள் எழுதிய தமிழ் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில், வியாசர்பாடியில் இருக்கும் சித்தப்பா மகன் முன்னொரு காலத்தில் சிடியில் கொடுத்தனுப்பியது. மின்ட்டில் நோட்டீஸைத் திறந்தால் 'பெயர்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில என், ஜி, ஏ, எச், ஓர் அரைப்புள்ளி. பழைய டிஸ்க்கின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியை எடுத்து, மின்ட்டில் அவருடைய ஹோம் ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் ஃபான்ட் ஃபோல்டரில் வைத்ததும் லிப்ரே ஆபிஸில் தமிழ் நிமிர்ந்தது. நோட்டீஸுக்கு அது போதும். ஆனால் 340 பேர் கொண்ட உறுப்பினர் பட்டியலில் தேட முடியவில்லை. 'முருகன்' என்று யூனிகோடில் தட்டினால் ஒரு முருகனும் அகப்படவில்லை, பட்டியலில் இருப்பதோ கணக்கில்லாத முருகன்கள்.

ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் பாமினியை யூனிகோடாக்கும் பகுதி உண்டு. பட்டியலை மொத்தமாக அதற்குள் விட்டேன். தமிழ் அழகாக வந்தது. கூடவே ஆங்கிலத்தில் இருந்த இனிஷியல், மெயில் முகவரி, தெருப் பெயர் எல்லாமும் தமிழாகிவிட்டன, வாயில் நுழையாத தமிழாக. பாமினிக்கு ஆங்கில எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே பைட், வித்தியாசம் ஃபான்ட்டில் மட்டும். போன் நம்பர் தப்பியது. மறுபடி மூலத்தை எடுத்து, எந்த நெடுவரிசை பாமினி என்று கண்ணால் பார்த்து, அதை மட்டும் மாற்றினேன். நெடுவரிசைக்குள்ளேயே கலந்திருந்த முப்பது சொச்சத்தைப் பெரியப்பா வாசிக்க வாசிக்கத் தட்டினேன்.

கடைசியாக ஸாஜி. யூகான்வ் என்ற சின்னக் கருவியிடம் ஸாஜியிலிருந்து பர்மியத்துக்கு என்று சொன்னால் ஒரு வரியில் மாற்றிவிடும். புத்தி வந்திருக்க வேண்டாமா? பர்மியப் பெயர் கொண்ட 3,180 ஃபைலையும் ஒரே அடியாக ஓட்டினேன். 2020-க்குப் பிறகு பிள்ளைகள் வைத்தவை ஏற்கெனவே யூனிகோட், அவை இப்போது புதுசாகச் சிதைந்தன. எதை எதுவாக மாற்றினேன் என்ற குறிப்பும் வைக்கவில்லை. படங்களின் ஃபோல்டரை அழித்துவிட்டுப் பழைய டிஸ்க்கிலிருந்து மறுபடி ஆர்சிங்க்.

இரண்டாம் தடவை, எழுத்து ஸாஜியா யூனிகோடா என்று பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் ஓர் எண்ணாகச் சொல்லும் கூகுளின் மியான்மர் டூல்ஸைப் பயன்படுத்தினேன். 0.95-க்கு மேல் என்றால் மாற்று, 0.05-க்குக் கீழ் என்றால் தொடாதே என்று எழுதி, பழைய பெயரையும் புதுப் பெயரையும் ஒரு ஃபைலில் குறிக்கவைத்தேன். ஃபைல் பெயர் இரண்டு மூன்று சொல்தான் என்பதால் அதற்கும் சந்தேகம் வந்தது. நடுவில் மாட்டியவை 140. எங்கள் வீட்டில் பர்மியம் நன்றாகப் படிப்பவள் அண்ணன் மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் அவள் படிக்க நான் தட்டினேன். நடுவில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது ஸாஜியும் இல்ல, யூனிகோடும் இல்ல. எட்டு வயசுல நானே தப்பா எழுதுனது" என்று சிரித்தாள். அதை அப்படியே விட்டோம்.

அடுத்த முறை என்றால் வரிசையை மாற்றுவேன். விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே பாஸ்வேர்ட் ஏற்றுமதி, நீளப் பெயர்களைத் தேடிச் சுருக்குவது, ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் தனியாக எடுப்பது மூன்றையும் முடித்துவிட்டே ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவேன். பெயர் மாற்றும் வேலையை முதலில் இருபது ஃபைலில் பார்ப்பேன். பேட்டரி ஒன்றும் வாங்குவேன், இவ்வளவு செலவில் அதை விட்டது கஞ்சத்தனம். பழைய டிஸ்க் மஞ்சள் பையில் சுற்றி அலமாரியில் இருக்கிறது. ஆறு மாசத்துக்கு அதை யாரும் தொடக்கூடாது என்று பெரியம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரங்கூனின் தக்கேட்டாப் பகுதியிலிருந்து பெரியப்பா போன். இந்த வருஷத் தைப்பூசப் பட்டியலைச் சேமிக்க முடியவில்லையாம், என்னவோ பெட்டி வருகிறதாம். என்ன பெயர் வைத்தீர்கள் பெரியப்பா என்று கேட்டேன். சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.